வெள்ளை வந்தால் விற்கலாம்

அருள்செல்வனுக்குத் துருவைப் பார்த்தே வயது சொல்லத் தெரியும். சென்னையில் பழைய இசைச் சாமான்களை வாங்கி விற்கும் அவர், தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்வார். நல்லூரில் முருகேஷின் வீட்டுக் கூடத்தில் அந்த ஆம்பிளிஃபயரைப் பார்த்ததும் அவர் மனதுக்குள் போட்ட வயது, அறுபத்தைந்து.

பச்சை பெயின்ட் பாதி உரிந்த இரும்புப் பெட்டி. உள்ளே ஐந்து கண்ணாடி வால்வுகள். மூலையில் ‘லண்டன்’ என்று பொறித்த, தேய்ந்துபோன பித்தளைத் தகடு.

“எங்கப்பாவுதுங்க,” என்றான் முருகேஷ். சுவரில் பிளாஸ்டிக் மாலைக்குள்ளிருந்து அப்பா சிவசுப்பிரமணியம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முருகன் படம். “ஒரு காலத்துல இந்தப் பக்கம் எந்தத் தேர் நோம்பின்னாலும் இந்த மைக்செட்தானுங்க.”

“ஓட்டிப் பார்க்கலாமா சார்?”

“அப்பா கை பட்டதுக்கு அப்புறம் யாரும் தொடலீங்க.”

அருள்செல்வன் சிக்னல் தேடுகிறவர்போல ஜன்னல் பக்கம் நகர்ந்து, பெட்டியைப் படமெடுத்து ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பினார். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. ‘இரண்டு லட்சம் தருகிறேன். விட்டுவிடாதீர்கள்.’

போனைப் பைக்குள் போட்டுவிட்டு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார்.

“வால்வெல்லாம் போயிருக்கும் சார். இரும்பு எடைக்குத்தான் ஆகும். நெட்ல நீங்க போட்ட வீடியோவைப் பார்த்து இவ்வளவு தூரம் வந்துட்டேன். அஞ்சாயிரம் தரேன்.”

“குடுத்துத் தொலைங்க,” என்றாள் முருகேஷின் மனைவி ஜெயபாரதி. “தையல் மிஷின் போட எடமில்லாம நானு வாசல்ல உக்காந்து தெக்கறேன். இது ஊட்டுக்குள்ள மாப்பிள்ளையாட்டம் உக்காந்திருக்குது.”

“அப்பாவைக் கேக்காம விக்க மாட்டேன்.”

“கேளுங்க. யாரு வேண்டாங்கறா.”

கேட்பது என்றால் பூக் கேட்பது. கறுப்பு பனியன் வேஸ்ட் துணி ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலம் கட்டிப் படத்துக்கு முன்னால் போட்டு, ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் விற்கலாம். சிவப்பு வந்தால் பெட்டி வீட்டோடுதான்.

“நீங்களே எடுங்க,” என்றான் முருகேஷ். “நாங்க எடுத்தா எங்க ஆசைக்கு எடுத்த மாதிரி ஆயிரும்.”

அருள்செல்வன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒன்றை எடுத்தார். சிவப்பு.

ஜெயபாரதி மற்ற பொட்டலத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். “எடுக்காததைப் பிரிக்கக் கூடாதுங்க. தெய்வக் குத்தம்.”

“தப்பும்மா, தப்பு,” என்று அருள்செல்வன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அப்பாவுக்கு விலை பத்தலை போலிருக்கு. பதினஞ்சுன்னு சொல்லிக் கேளுங்களேன்.”

அவள் வேறு பொட்டலம் கட்ட உள்ளே போனாள். சும்மா இருக்க வேண்டாமே என்று அவர் முருகேஷிடம் என்ன வேலை என்று கேட்டார்.

“நெருப்பெரிச்சல்ங்கற ஊர்ல பனியன் வாஷிங் யூனிட்டுங்க. புது பனியனைக் கல்லுப் போட்டுத் தேச்சு, சாயத்தை எறக்கி, பத்து வருசம் போட்டதாட்டம் ஆக்கோணும். வெளிநாட்டுல அதுக்குத்தான் வெலை.”

“புதுசைப் பழசுன்னு நம்பி வாங்க அங்கேயும் ஏமாளிங்க இருக்காங்களா?”

“இருக்கறாங்கங்க,” என்றான் முருகேஷ் பணிவாக.

இரண்டாவது முறையும் சிவப்பு.

“இருந்தப்பவும் இந்த மனுசன் ஒத்துக்கிட்டதில்ல, இப்பவும் ஒத்துக்கறதில்ல,” என்று ஜெயபாரதி தலையில் அடித்துக்கொண்டாள். முருகேஷ் ஒரு பழைய துண்டால் பெட்டியை மூடினான். “உடுங்க சார். காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க. ஞாயித்துக்கெழம பெங்களூர்லிருந்து ஒருத்தரு வர்றேன்னாரு. அவருக்கும் நாங்க இல்லேன்னு சொல்லிர்றம்.”

பெங்களூர் என்ற சொல் அருள்செல்வனுக்குக் காப்பியைவிடச் சுட்டது.

“கடைசியா கேட்டுப் பாருங்க. அறுபதாயிரம். உங்கப்பா முகத்துக்காகத்தான்.”

ஜெயபாரதி இந்த முறை உள்ளே கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பொட்டலங்கள் வந்தன. அருள்செல்வன் ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

வெள்ளை.

முருகேஷ் படத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ஜெயபாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அருள்செல்வனும் ஒரு நொடி கண்ணை மூடி, இப்படிப்பட்ட பிள்ளைகளை விட்டுப் போனதற்காகப் பெரியவருக்கு மனமார நன்றி சொன்னார். பணத்தைக் கொடுத்து, கைக்குழந்தையைத் தூக்குகிறவர்போலப் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு, அவர்கள் மனம் மாறுவதற்குள் கிளம்பினார்.

கார் தெருமுனை திரும்பியது. ஜெயபாரதி முந்தானையை அவிழ்த்து, அருள்செல்வன் எடுக்காமல் விட்ட மூன்று பொட்டலங்களையும் பிரித்தாள். துணி மறுபடி உதவும். முதல் இரண்டில் இருந்தது செவ்வரளி. மூன்றாவதில் நந்தியாவட்டை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. விரலெல்லாம் பச்சை பெயின்டும், கையில் ஒரு வாஷிங் கல்லுமாக ஒரு பெரியவர் இறங்கி வந்தார்.

“அடுத்த பெட்டிக்கு உப்புத்தண்ணி தெளிச்சு வெயில்ல வெச்சிருக்கறேன், ஞாயித்துக்கெழமைக்குள்ள அதுக்கும் வயசாயிரும்,” என்ற சிவசுப்பிரமணியம், சுவரிலிருந்த தன் படத்தை நிமிர்ந்து பார்த்து முகம் சுளித்தார்: “பெங்களூர்க்காரருக்காச்சும் நெசப் பூவுல மாலை போடு கண்ணு, பிளாஸ்டிக்ல செத்தா ஒரு மரியாதையே இல்ல.”