பழசை அழித்துக்கொண்ட நால்வர்

கேளுங்கள் கண்ணுகளா, அந்த நிறுவனத்தைத் தொடங்கிய நால்வரும் முதல் நாளே ஊர், தெரு, பாட்டன் பெயர் எல்லாவற்றையும் மூளையிலிருந்து அழித்துக்கொண்டார்கள். புதுப்பெயர்கள் வைத்துக்கொண்டு, இனி நாளைய கனவுதான் சொந்தம் என்று கைகுலுக்கினார்கள்.

ஆறு மாதத்தில் ஒன்பது முறை கழிப்பறை அடைத்துக்கொண்டது. ஒன்பது முறையும் மற்ற மூவரும் நான்காமவளான செங்கதிரையே திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் நிலவா, எப்பவும் நான்தானா?"

"தப்பா எடுத்துக்காத கதிரு. உனக்குத்தான் இது நல்லா வருது."

"நான் எந்தத் தெருன்னு எனக்கே ஞாபகமில்ல. உங்களுக்கு மட்டும் எப்படிடா தெரியுது?"

"பழசப் பேசக் கூடாதுன்னு ரூல் போட்டிருக்கோம்ல?"

"பேசல. நீயும் பங்குதாரன்தானே? இந்தா, பிடி."

செங்கதிர் ஈரப் பிரஷ்ஷை நீட்டினாள். எல்லாவற்றையும் மறந்துவிட்ட நிலவனின் கை, சட்டென்று முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.