மூன்று குச்சி, ஒரு ஒயர் துண்டு

குளியலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். உடுத்தியிருந்தது புதுசு. வாளி ஈரம்.

அவள் கணவன், ஏசி மெக்கானிக், ஒரு கையில் பைக் சாவியும் மறு கையில் குழந்தைக்கு வாங்கிய துண்டுமாக வாசலில் நின்றான்.

"நான் வரல," என்றாள்.

தத்துக் கொடுக்கும் காப்பகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மதியத்துக்குள் இருவரும் வந்து கையெழுத்துப் போட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம். வராவிட்டால் வரிசையில் அடுத்து இருக்கும் தம்பதிக்குப் போன் போகும். அந்தத் தம்பதி போனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களும் வருஷக்கணக்காக அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க அக்கா ஏதாவது சொன்னாளா?"

அவன் அக்கா நேற்றுப் போன் செய்து, ரத்தம் என்று ஒன்று இருக்கிறதே என்று ஆரம்பித்திருந்தாள்.

"உங்க அக்கா சொன்னதுக்கெல்லாம் அழறதா இருந்தா கல்யாணத்தன்னிக்கே எனக்குக் கண்ணு வத்திப் போயிருக்கும். அவங்களை விடுங்க."

"அப்ப என்ன?"

"போன தடவை அந்தப் பிள்ளையை என் மடியில குடுத்தாங்கல்ல? எனக்கு ஒண்ணுமே தோணலங்க. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரி கொஞ்சம் பிடிங்கன்னு குடுத்த மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்தும் அப்படியே இருந்தா? அது பாவம் இல்லையா?"

அவனுக்குத் தெரிந்தது ஏசி. கேஸ் குறைந்தால் ஏற்றலாம். குழாயில் ஓட்டை என்றால் அடைக்கலாம். இதற்கு எந்த ஸ்பேனரை எடுப்பது?

அவள் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். ஒரு தையல் விட்டிருந்தாலும் சட்டை திரும்பிப் போகும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓய்வதில்லை. குளியலறை ஜன்னலுக்கு வெளியே, விளிம்பில், புறா கூடு கட்டியபோதும் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். மூன்று குச்சி, அவன் பையிலிருந்து விழுந்த ஒரு ஒயர் துண்டு. "இதெல்லாம் ஒரு கூடா? என் டேபிளுக்கு வந்திருந்தா ரிஜெக்ட்."

இப்போது அந்தக் கூட்டில் ஒரு குஞ்சு. மஞ்சள் மயிரும் பெரிய மூக்குமாக இருந்தது. அழகு என்று சொல்ல மனசாட்சி இடம் தராது. தாயின் வாய்க்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தது.

அவன் உள்ளே வந்து அவள் பக்கத்தில் குந்தினான். புறாவின் காதில் விழக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு சொல்றேன். அது அதோட குஞ்சு இல்ல."

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புறா இட்ட இரண்டு முட்டைகளையும் காக்கை உடைத்துவிட்டிருந்தது. அன்று காலை அவன் ஒரு வீட்டில் ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றியபோது, அதன் பின்னால் இருந்த வேறொரு கூடு சிதறிப் போனது. ஒரு முட்டை மட்டும் தப்பியது. அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டு டப்பாவில் கொண்டுவந்து இந்தக் கூட்டில் வைத்தான். அடுத்த வேலைக்கு ஓடினான். திரும்பி வந்து பார்த்தால் புறா அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

"யாரோட முட்டைன்னு ஒரு கேள்வி கேட்டுச்சா? வெச்சேன், உக்காந்துடுச்சு. அவ்வளவுதான் விஷயம்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

அவள் அவனை ஒற்றைக் கை வைத்துத் தைத்த சட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உடைஞ்ச ரெண்டும் சுத்த வெள்ளை. நீங்க வெச்சது கொஞ்சம் நீளம், ஒரு பக்கம் அழுக்கு வேற. என் கண்ணுல தப்புமா?"

"அப்புறம் ஏன் கேக்கவே இல்ல?"

"பெருமையடிச்சுக்க ஒரு விஷயம் கிடைச்சும் எவ்வளவு நாள்தான் வாயை மூடிட்டு இருக்கீங்கன்னு பாத்தேன்."

அவன் முகம் சின்னதாகிவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

"வெச்ச உடனே உக்காந்துடுச்சுன்னு யாரு சொன்னா? நீங்க பாட்டுக்கு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டீங்க. நான் இங்கேயேதான் நின்னேன். வந்துச்சு, பாத்துச்சு, பறந்துடுச்சு. மறுபடி வந்து மூக்கால ஒரு இடி இடிச்சுச்சு. அப்புறம் அந்தக் கோடிக்குப் போய் முதுகைக் காட்டிட்டு நின்னுச்சு. உங்களுக்கு அன்னிக்கு ராத்திரி வெறும் பிரெட்டுதானே குடுத்தேன்? இதான் காரணம். அடுப்படிக்கே போகல."

"அப்புறம்?"

"சாயங்காலம்தான் உக்காந்துச்சு."

சொல்லிவிட்டு அவளே ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தான் சொன்னது தன் காதுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது போல.

பிறகு எழுந்தாள். பின்பக்க ஈரத்தைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அவன் கையிலிருந்த துண்டைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வண்டியை எடுங்க. எனக்கும் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. அதுவரைக்கும் என் மூஞ்சியைப் பாத்து யாரும் எதுவும் கேக்கக் கூடாது. முக்கியமா உங்க அக்கா."