புது ரீட்

நான் நேரில் பார்க்கவில்லை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பாலாம்பிகை அக்கா, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லும் கதை இது.

“எச்சிக் குச்சியையா எம் புள்ளைக்குக் குடுக்கிற?”

கண்டியில் மாகாண இசைப்போட்டி. மண்டப வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் பாலாம்பிகை. எதிரே மகள் சஞ்சீவனியின் வகுப்புத் தோழி றிப்தா. அவள் கையில், கிளாரினெட்டின் வாயில் பொருத்தும் சின்ன நாணல் பட்டை. ரீட் என்பார்கள்.

“அப்படியில்ல ஆன்ட்டி. புது ரீட் உடனே பேசாது. நாளுக்குப் பத்து நிமிஷம் ஊதி ஊதிப் பழக்கோணும். சேண்ட்பேப்பர்ல தேய்க்கோணும். ஸ்கூல் கிளாரினெட்ட இவளுக்கு வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாதே. அதான் என்ட கிளாரினெட்ல நானே பழக்கினேன். பன்னிரண்டு நாள். பின்னால பாருங்க, நாளுக்கொரு கோடு.”

“நாங்க தோட்டத்து ஆளுகதான். அதுக்காக அடுத்தவங்க வாயில வச்சத வாங்கிக்க மாட்டோம்.”

மகள் சொல்லி விஷயம் முந்தின நாளே பாலாம்பிகையின் காதுக்கு எட்டியிருந்தது. கைப்பையிலிருந்து புத்தம்புது ரீட் ஒன்றை எடுத்தாள்.

“இத ஊதட்டும். நானே டவுன்ல வாங்குனது.”

றிப்தா தன்னுடையதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சஞ்சீவனி புதியதை ஊதிப் பார்த்தாள். கீச்சென்றது. மறுபடியும் கீச்.

“அம்மா, ஒரு வருஷமா பழகினேன்மா. இதோட மேடை ஏறினா தோத்துருவேன்.”

“தோத்தாலும் சொந்தத்துல தோத்துட்டு வா.”

உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள்.

“நனைச்சாவது தாறேனே ஆன்ட்டி,” என்று புது ரீட்டைக் கழற்றி எடுத்தாள் றிப்தா.

“வாயில வச்சிறாத!”

“இல்ல ஆன்ட்டி. பைப் தண்ணியிலதான்.”

ஓடிப் போய் நனைத்துவந்து, தானே பொருத்தியும் கொடுத்தாள்.

மேடையில், முதல் சுரத்திலேயே சஞ்சீவனி கண்ணைத் திருப்பி றிப்தாவைப் பார்த்தாள். றிப்தா கூரையைப் பார்த்தாள்.

ஒரு கீச்சுக்கூட இல்லை. முதலாமிடம்!

“பாத்தியா புள்ள? புதுசு புதுசுதான்!”

“ஓ ஆன்ட்டி,” என்றாள் றிப்தா.

அந்த ரீட் இன்றும் அக்காவின் அலுமாரியில், சான்றிதழுக்குப் பக்கத்தில், ஒரு மோதிரப் பெட்டிக்குள் இருக்கிறது. போன மாதம் போயிருந்தபோது எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சில் கோடுகள். பிழைவிடக் கூடாதே என்று இரண்டு தடவை எண்ணினேன்.

பன்னிரண்டு.