டாரிலின் புது வண்டி

டாரில் தன் புது வண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிகரெட்டும் கையுமாக, புதுப் பெண்டாட்டியைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“உங்க தம்பிக்கு வண்டிப் பைத்தியம் பிடிச்சிருச்சும்மா” என்று நோலீனிடம் சொல்லிச் சிரித்தார் ஸ்டூவர்ட், ஜல்லிக் குவாரியின் மேனேஜர். குவாரிக்குப் போடும் சாலை இந்தப் பாறை வழியாகத்தான் போயாக வேண்டும். ‘எங்கள் முன்னோர் இடம் எதுவும் இங்கே இல்லை’ என்று இந்த மண்ணின் பூர்வகுடிகளான அக்காவும் தம்பியும் சொல்லிவிட்டால் போதும், நாளைக்கே புல்டோசர் வந்துவிடும்.

நோலீன் பாறையடியில் மண்டியிட்டிருந்தாள். சின்ன வயதில், ஆஸ்திரேலியாவின் மற்றப் பூர்வகுடிப் பிள்ளைகள் பலரைப் போலவே, அரசாங்கத்தார் தூக்கிக்கொண்டு போய் சிட்னியில் வளர்த்த பெண் அவள். அறுபது வயதுக்குப் பக்கத்தில் ஊர் திரும்பியபோது, ஓடிவந்து கட்டிக்கொண்டவன் தம்பி ஒருவன்தான். காட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான்.

“இந்த மரத்துல தழும்பு தெரியுதாக்கா? படகு செய்யப் பட்டை உரிச்சது. தழும்பு தரைவரைக்கும் இறங்குச்சுன்னா அது நெருப்பு பண்ணின வேலை, ஏமாந்துடாத” என்பான். “இந்தக் கல்லுச் சில்லு இந்த மண்ணோடது இல்ல. யாரோ எங்கிருந்தோ தூக்கிட்டு வந்து உடைச்சிருக்காங்க” என்பான்.

ஒருநாள் ஓடைக்கரையில் அவள் தொப்பி பறந்து போனபோது மட்டும் அவன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. “நீயே போய் எடுத்துக்க. அது பொம்பளைங்க இடம், ஆம்பளைங்க பார்க்கவே கூடாது. நான் அந்தப் பக்கம் பார்த்தாலே போதும், செத்த கிழவிங்க எல்லாம் எந்திரிச்சு வந்து வெளுத்துடுவாங்க!” அன்றைக்கு வீடு வரும்வரை சிரித்தார்கள்.

இங்கே பாறையில் ஆட்டுக்கல் குழிபோல வழவழவென்று குழிகள். ஒன்றில் கையை வைத்தாள். கை கச்சிதமாகப் பொருந்தியது.

“டாரில், இங்க குழி குழியா இருக்குடா. நம்மாளுங்க விதை அரைச்சதா இருக்குமா?”

“மழைத்தண்ணி அரிச்சதுக்கா” என்றான் அவன், வண்டியைப் பார்த்தபடியே.

“ஓரமெல்லாம் தேஞ்சிருக்கே. செவப்புச் சாயம் வேற ஒட்டியிருக்கு.”

“இந்தக் காட்டுல எந்தக் கல்லுதான் செவப்பா இல்ல? கத்துக்கிற புதுசுல எனக்கும் எல்லாக் கல்லும் முன்னோர் கல்லாத்தான் தெரிஞ்சுது.”

நோலீனுக்கு வெட்கமாகிவிட்டது. அவனுக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப் போகிறது? முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“அப்போ ஒண்ணுமில்லைன்னு ரெண்டு பேரும் சொல்றீங்க, அப்படித்தானேம்மா?” ஸ்டூவர்ட் அவசரப்பட்டார். “வெயில் ஏறுது. பாவம், டாரிலும் வண்டிய ஓட்டிப் பார்க்கத் துடிக்கிறான். கம்பெனியில பார்த்துப் பார்த்துத்தான் குடுத்தோம்.”

தலையாட்டப் போனவள் நின்றாள். கம்பெனி கொடுத்ததா? ஏலத்தில் எடுத்தேன் என்றல்லவா சொல்லியிருந்தான்!

தம்பியைப் பார்த்தாள். விரலிடுக்கில் சிகரெட் எப்போதோ அணைந்திருந்தது. ஸ்டூவர்ட்டின் பேச்சு காதில் விழுந்த பிறகும் அவன் பாறைப் பக்கம் திரும்பவில்லை. கழுத்தில் மட்டும் வியர்வை வழிந்தது.

அன்றைக்கு ஓடிவந்து கட்டிக்கொண்டானே, அது அக்காவுக்காகவா? இல்லை, இன்றைக்கு ‘இல்லை’ என்று ஆட்ட இன்னொரு தலை வேண்டும் என்பதற்காகவா?

“டாரில்...” மறுபடியும் நடந்து போய்ப் பாறைக் குழியில் கையை வைத்தாள்.

“இங்க ஒண்ணுமில்லைன்னா, இந்தப் பக்கம் திரும்பிப் பாருடா.”