கட்டிலோரப் பரீட்சை

"இன்னைக்கு எனக்குப் பரீட்சைங்ணா. உங்களை வெச்சுத்தான். சம்மதம்ங்களா?"

கட்டிலில் கிடந்த லாரி டிரைவர் தலையணையில் கையூன்றி நிமிர்ந்தார்.

கேட்டவள் வெள்ளைக் கோட்டில் கோகிலவாணி என்று பெயர் குத்தியிருந்தாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. நோயாளி வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிட்டு வந்தார் என்று கேட்க வேண்டும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். டாக்டரிடம் சொல்ல வேண்டும். இனி இதை வார்டில் தனியாகச் செய்ய அவளை விடலாமா என்பதுதான் பரீட்சை.

அவளுக்குப் பின்னால், மார்க் போட ஒரு மேடம். கையில் பேனா. வாயே திறக்கவில்லை.

லாரி லைசென்ஸ் எடுத்த நாள் அவருக்கு நினைவு வந்தது. பக்கத்து சீட்டில் இன்ஸ்பெக்டர். இப்படித்தான், பேசாமல்.

"நல்லாக் கேளு அம்மிணி. நான் உன்னை ஃபெயிலாக்க மாட்டேன்."

"போன தடவ தவறிப்போச்சுங்ணா," என்றாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் மனைவி ராசாமணி மாத்திரைப் பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். இது சர்க்கரைக்கு. இது நெஞ்சடைப்பு வந்தபோது கொடுத்தது, ரத்தம் உறையாமல் இருக்க. தவறாமல் சாப்பிடுகிறார்.

கோகிலவாணி ஒவ்வொரு அட்டையையும் திருப்பிப் பார்த்தாள்.

"இது போக, கடையில நீங்களா ஏதாச்சும் வாங்குவீங்களாங்ணா?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"இல்ல."

பொய்.

முதுகு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ராசாமணிக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றோடு ஸ்டீயரிங்கை விடச் சொல்லிவிடுவாள். நாமக்கல் லாரிப் பட்டறையில் அவருக்கு இரும்பு என்று பெயர். நாக்பூருக்கு மாற்று டிரைவர் இல்லாமல் போய் வருகிறவர். அந்தப் பெயரை விட மனசில்லை.

லோடு ஏற்றும் இடத்தில் தலைசுற்றி விழுந்துதான் இங்கே வந்தார். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போயிற்று. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்றார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

கோகிலவாணி அடுத்த கேள்விக்குப் போகவில்லை. அவர் முகத்தையும் பார்த்தாள், ராசாமணியின் முகத்தையும் பார்த்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வந்து தர்றீங்களா? காலையில இருந்து ஒண்ணுமே குடிக்கல."

"அட, அதுக்கென்ன கண்ணு." ராசாமணி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள்.

மேடத்தின் பேனா நின்றது.

கோகிலவாணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வண்டியில போறப்ப முதுகு வலிச்சா என்னங்ணா போடுவீங்க?"

போடுவீங்களா என்று கேட்கவில்லை. என்ன போடுவீங்க என்றாள்.

அவர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"வலி மாத்திரை. ரோட்டோரக் கடையில பேர் சொன்னாக் குடுத்துருவான். காலையில ஒண்ணு. மத்தியானம் ஒண்ணு. மலை ரோடுன்னா இன்னொண்ணு."

"எத்தனை நாளாங்ணா?"

"பேத்தி பொறந்ததுல இருந்து."

"பேத்தி இப்ப நடக்குதுங்களா?"

"ஓடுது."

அவள் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

"நெஞ்சுக்குப் போடற மாத்திரையும் இதுவும் சேர்ந்தா வயித்தைப் புண்ணாக்கிரும்ங்ணா. ரத்தம் அங்கிருந்து போயிருக்கலாம். நல்லவேளை சொன்னீங்க."

எழுந்து மேடத்திடம் திரும்பினாள்.

"டாக்டர்கிட்டச் சொல்லிட்டு வந்துர்றேன் மேடம். வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரியணும்."

மேடம் அப்போதுதான் வாய் திறந்தார். "இன்னொரு கட்டில் பாக்கி இருக்கு. நேரம் ஓடிட்டிருக்கு."

"ஓடட்டும் மேடம்."

போய்விட்டாள். நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத வேகம்.

அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "மேடம், அந்தப் புள்ள போனதுக்கு மார்க்கக் கொறைச்சுராதீங்க. மொதல்ல பொய் சொன்னது நானு."

"எல்லாரும் சொல்வாங்க ஐயா. அதைத் தாண்டி வராங்களான்னு பார்க்கத்தான் நான் வந்தது."

டாக்டர் வந்தார். கேட்டார். அவர் மறைக்காமல் சொன்னார். இரண்டாவது முறை சொல்வது அத்தனை கஷ்டமாக இல்லை. டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, கோகிலவாணியைப் பார்த்துத் தலையசைத்துப் போனார்.

அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நோயாளிக்குக் காது மந்தம். அவள் குனிந்து, காதோரமாக, பொறுமையாகக் கேட்டாள். சொல்லு சாமி, சட்டுனு பதில் சொல்லு என்று இங்கிருந்து முணுமுணுத்தார்.

கடைசியில் மேடம் பேனாவை மூடினார். கையை நீட்டினார்.

"பாஸ்மா. நாளையிலிருந்து இந்த வார்டு உன்னோடது."

கோகிலவாணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடுவதற்கு மறந்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து, கட்டில்களைத் தாண்டி அவரைத் தேடிப் பார்த்தாள்.

அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். ஊசிக் குழாய் இழுத்தது. வலித்தது. இறக்கவில்லை.

ராசாமணி ஃபிளாஸ்க்கோடு வந்தாள். கேன்டீனில் டீ தீர்ந்து, வெளியே கேட்டுக்குப் போய் வாங்கி வந்த மூச்சிரைப்பு.

"ஏனுங்க, கையத் தூக்கிட்டு என்ன பண்றீங்க?"

"நம்ம புள்ள பாஸாயிருச்சு."

"எந்தப் புள்ளைங்க? எதுல?"

அவர் கையை இறக்கினார். கால்களை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டார்.

"உக்காரு ராசாமணி. சொல்றேன்."