கடைசி சாம்பிள்

"வந்துட்டா பாரு, மூச்சு இருக்கா இல்லையான்னு பார்க்க" என்றாள் சிஸ்டர், மருந்து டிரேயைத் துடைத்தபடி.

ஹெட் சிஸ்டர் நிமிர்ந்தாள். வார்டுக்குள் ரெட்டைப் படிப்பு வந்துகொண்டிருந்தாள்.

அந்த மாணவிக்கு வார்டு வைத்த பெயர் அது. டாக்டர் படிப்போடு சேர்த்து ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் படிக்கிறாள். காலையில் வார்டு, சாப்பாட்டுக்குப் பிறகு லேப். கூடச் சேர்ந்தவர்கள் டாக்டராகி, கல்யாணமாகி, குழந்தையைத் தூக்கிவந்து காட்டிவிட்டும் போய்விட்டார்கள். இவள் இன்னும் மாணவிதான்.

"அவனவனுக்கு ஒரு படிப்பே தொண்டையில சிக்குது. இவளுக்கு ரெண்டு கேக்குது" என்றாள் ஹெட் சிஸ்டர்.

மாணவி நேராக ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள். தினமும் அப்படித்தான்.

கட்டிலில் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய். முதலில் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நழுவியது. பிறகு கால் போனது. இப்போது நாக்கும் மூச்சும் போய்க்கொண்டிருந்தன. மருந்து கிடையாது.

"இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

"ஆயுசு பூரா... ஜனங்களை மேலே அனுப்பினேன். இப்ப... நான் போறேன்" என்று குழறினார். அவர்தான் சிரித்தார். அவளால் முடியவில்லை.

அவள் ஆராய்ச்சி அந்த நோயைப் பற்றித்தான். இறந்த சில மணி நேரத்துக்குள் முதுகுத் தண்டுவடத்திலிருந்து ஒரு துண்டு எடுத்தால்தான் உதவும், தாமதித்தால் வீண். இன்னும் ஒரே ஒருவருடையது கிடைத்துவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிடும். 'நான் போனதும் எடுத்துக்கோம்மா' என்று மெக்கானிக் எப்போதோ சம்மதம் கொடுத்திருந்தார். மகளிடம் மட்டும் சொல்லவில்லை.

இந்த சாம்பிள் விஷயத்தை சிஸ்டர்கள் பேசிக்கொண்டதை, வெந்நீர் பிடிக்கப் போன மகள் கேட்டுவிட்டாள். பிளாஸ்கோடு கட்டிலுக்கு வந்தவள் மாணவியின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"தினம் வந்து எப்படி இருக்கீங்கன்னு கேட்டது இதுக்குத்தானா? எங்கப்பா எப்ப போவார், எப்ப அறுக்கலாம்னு காத்துக்கிட்டு இருக்கியா?"

வார்டே திரும்பிப் பார்த்தது.

இல்லை என்று மாணவி எப்படிச் சொல்வாள்? முதன்முதலில் அந்தக் கட்டிலைத் தேடி வந்தது அதற்காகத்தானே.

"அவர் மேல ஒரு கத்தி பட்டுது, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

மெக்கானிக் ஏதோ சொல்லப் பார்த்தார். எச்சில்தான் வழிந்தது. துடைக்க நீண்ட மாணவியின் கையை மகள் தட்டிவிட்டாள்.

லேப்பில் புரொபசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவரே சம்மதிச்சிருக்கார். மகள் கத்தினா கத்திட்டுப் போகட்டுமே."

"வேண்டாம் சார். அவரை ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடுங்க."

"புரிஞ்சுதான் பேசறியா? இந்த நோய்க்காரங்க என்ன தெருவுக்கு நாலு பேரா இருக்காங்க? அடுத்தவர் கிடைக்க வருஷக்கணக்காகும். உங்க வீட்ல என்ன சொல்லப் போறே?"

"எப்ப முடிப்பேன்னு கேக்கறதை அவங்க நிறுத்திட்டாங்க சார்."

மறுநாளும் அவள் வார்டுக்கு வந்தாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாணவி அதைக் கண்டுகொள்ளாமல் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள். தொண்டையில் கட்டிய சளியை டியூப் விட்டு எடுத்தாள். மூச்சுக் கருவி காலியில்லை என்று கைவிரித்தவர்களிடம் சண்டை போட்டு, அடுத்த பிளாக்கிலிருந்து ஒன்றைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சாம்பிள் கெட்டுப் போயிடக் கூடாதுல்ல" என்றாள் சிஸ்டர். ஹெட் சிஸ்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், மெக்கானிக் போய்விட்டார்.

மாணவிதான் மாஸ்க்கைக் கழற்றினாள். கண்களை மூடினாள். மாஸ்க் அழுத்திய தடத்தை ஈரப் பஞ்சால் துடைத்தாள். பிறகு வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஹெட் சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அவளிடம் வந்தாள்.

"லேப்புக்கு போன் பண்ணலையா?"

"இல்ல சிஸ்டர்."

"நேரம் போகுதேம்மா."

"போகட்டும்."

மகள் வெளியே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மாணவி சட்டென்று நிமிர்ந்தாள்.

"பயப்படாதீங்கக்கா. நாங்க எதுவும் எடுக்கலை. அப்பாவை அப்படியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வாரம் அப்பா எங்கிட்ட பேசினார். ரெண்டே ரெண்டு வரி. அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவருக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. நான்தான் காதுல வாங்காத மாதிரி இருந்துட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'அந்தப் பொண்ணு இனிமே வாயைத் திறந்து கேக்காது. நீயாப் போய்க் கொடு'ன்னார்... லேப்புக்குச் சொல்லுங்க டாக்டர், நேரமாகுது."