இடது பக்க மீசை

காலையில் சவரம் செய்துகொண்டு போன தர்மசந்திரன், மதியம் மறுபடி தேரடி வீதி சலூனுக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஏகாம்பரம், இடது மீசையைப் பாரு. கீழ எறங்கிக் கெடக்குது. நாளைக்கு எம்பொண்ணுக்கு நிச்சயம். போட்டோவுல இப்படியா நிக்கிறது?"

விடிகாலையிலிருந்து நின்றதில் ஏகாம்பரத்துக்குக் கால் கடுத்தது. "நீங்களே கண்ணாடியில பாத்துட்டு சரின்னீங்களே?"

"பாக்க எங்க விட்ட? ஒரு நொடி காட்டிட்டுத் துணியை உருவிட்ட."

ஏகாம்பரம் சீப்பை வைத்து இரண்டு பக்கமும் அளந்தார். ஒரு மயிர் வித்தியாசம் இல்லை. ஆனாலும் கண்ணாடியில் கோணலாகத்தான் தெரிந்தது.

"கொஞ்சம் சிரிங்க."

"உன் வேலைக்கு சிரிச்சு வேற காட்டணுமா?" என்றபடி சிரித்தார்.

வலது பக்கம் உடனே ஏறியது. இடது பக்கம் தாமதமாக அசைந்து பாதியிலேயே நின்றது.

ஏகாம்பரம் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். "ஆட்டோ! பெரியாஸ்பத்திரிக்கு, சீக்கிரம்!"

"மொதல்ல மீசையை சரி பண்ணுய்யா."

"மீசை சரியாத்தாங்க இருக்கு. வாய்தான் ஒரு பக்கமா தொங்குது. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் பக்கவாதம் ஆரம்பிச்சுது. அன்னிக்கு நான் மீசையைத்தான் சரி பண்ணிக்கிட்டிருந்தேன். ஏந்திரிங்க."